கழுவி வைத்த டப்பாக்கள்

சீகிரியாவிலிருந்து ரொஷான் மூட்டை கொண்டுவருகிற சனிக்கிழமைகளில் கெத்தரின் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டாலும் வயிற்றில் நிற்காது. வெறும் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு, கொண்டையை இறுக முடிந்து, பழைய பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துவிடுவாள்.

மந்தண்டாவளையில், ஆற்றுப் பக்கம் இறங்கும் குறுக்குப் பாதையின் கடைசி வீடு அது. ஐப்பசி மழைக்குச் சுவர்கள் பாதிவரை ஈரம் குடித்திருந்தன. தகரக் கூரைக்குக் கீழே துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. ரொஷான் தன் த்ரீவீலைப் பாதை முனையில் நிறுத்திவிட்டு, உரப்பை இரண்டைத் தோளில் சுமந்து வந்து அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பொத்தென்று போடுவான். அவன் கெத்தரினின் புருசன் கிறிஷாந்துக்குச் சித்தப்பா மகன். ஹோட்டல்களுக்கு ஆளேற்றி ஹயர் ஓடுகிறவன். அறை கூட்டுகிற பெடியன்களோடு அவனுக்குப் பழக்கம்.

"அண்ணி, இந்த தடவ நல்ல சாமான். பிரான்ஸ்காரங்க ஒரு பஸ் வந்து தங்கிட்டுப் போனாங்க."

பையின் வாயை அவிழ்த்ததும் அந்த நாற்றம் எழும். வெள்ளைக்காரர்கள் அறைகளில் விட்டுப்போன க்ரீம் டப்பாக்கள், சென்ட் போத்தல்கள், ஷாம்பூ குப்பிகள். தனித்தனியாக மோந்தால் ஒன்று மல்லிகை, ஒன்று எலுமிச்சை, ஒன்று சந்தனம். எல்லாம் ஒரே பையில் நாள்கணக்கில் புழுங்கி வந்தால் செத்த எலிக்குச் சென்ட் அடித்துப் படுக்கவைத்தது போல இருக்கும். டப்பாக்களோடு குப்பைக் கூடையில் கிடந்த மற்றதும் வரும். சவர்க்காரத்தில் ஒட்டிய முடி, மூக்குச் சிந்திய கடதாசி, காது குடைந்த பஞ்சு. ஒருமுறை வெட்டிப்போட்ட கால் நகங்கள் வந்தன. யாரோ ஒரு பொம்பளை க்ரீமுக்குள் விரலை விட்டு வழித்த தடம் டப்பாவின் அடியில் அப்படியே காய்ந்திருக்கும். அந்தத் தடத்தைத் தன் விரலாலேயே கெத்தரின் சுரண்டி எடுக்க வேண்டும்.

சுடுதண்ணியில் கறை வெளுக்கிற வெள்ளைத் தூள் கரைத்து டப்பாவுக்குள் ஊற்றி ஊறவைத்து, பழைய பல்தூரிகையால் மூடியின் புரிகளைத் தேய்ப்பாள். மேலே ஒட்டிய தாளில் அச்சடித்த பெயர் நனையக் கூடாது. அதுதான் அந்த வேலையின் நுணுக்கம். நீல மூடி வைத்த கண்ணாடி டப்பாதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. அதைத் துணியால் துடைத்துத் தனியாகக் கவிழ்த்து வைப்பாள். மத்தியானம் கிறிஷாந்த் உள்ளே கட்டிலுக்கடியிலிருந்து வெள்ளை வாளியை இழுப்பான். கொழும்பு புறக்கோட்டையில் பெயரில்லாமல் வாளிக்கணக்கில் விற்கிற க்ரீம் அது. ஒரு கரண்டி எடுத்து டப்பாவில் போட்டு, கத்தியின் பின்பக்கத்தால் மேலே வழித்துவிட்டால் கடையில் வாங்கியது போல மினுங்கும்.

கோவிட்டில் உல்லாசப் பயணிகள் வராமல் போனபோது, கிறிஷாந்த் தவணைக்கு எடுத்து ஓட்டிய வேனை லீசிங் கம்பெனிக்காரன் இழுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு கிறிஷாந்த் கண்டுபிடித்த தொழில் இது. முதலில் 'மிச்சச் சாமான்' என்றுதான் சொன்னான். வாளி வந்த அன்றைக்கு, "இது எதுக்குங்க?" என்று கெத்தரின் கேட்டாள். "கொறைஞ்சத நெரப்ப," என்றான். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் கை கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை தரம் கழுவினாலும் சோற்றைப் பிசையும்போது அந்த வாசம் சோற்றில் ஏறியது. பலாக்காய்க் கறியில் ஏறியது. கோயிலில் நற்கருணை வாங்க நீட்டிய உள்ளங்கையில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போனில் லைவ் ஏலம். கிறிஷாந்த் இஸ்திரி போட்ட சட்டையும் கையில் பெரிய மணிக்கூடுமாக மேசைக்குப் பின்னால் உட்காருவான். மேசையில் பூப்போட்ட படுக்கை விரிப்பு. போனைத் தாங்கியில் பொருத்தி, வட்ட விளக்கைப் போட்டால் அந்த ஈரச் சுவரும் கூட நகைக்கடை போலத் தெரியும்.

"வணக்கம் மக்களே, ஆயுபோவன், ஸலாம். நம்ம பேஜ்ல சீட்டிங் இல்ல. பாருங்க, டப்பாவப் பாருங்க, அடியில நம்பரப் பாருங்க. கடையில இது என்ன வெலன்னு நீங்களே தேடிப் பாத்துக்கங்க. ஏலத்துல எடுத்தா எடுத்ததுதான், திருப்பி வாங்க மாட்டேன். சரியா?"

கொமெண்டுகள் ஏறும். யாராவது, "அண்ணா ஒரிஜினலா?" என்று கேட்பார்கள். அவன் ஒருநாளும் ஆம் என்று சொன்னதில்லை. டப்பாவை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பிக் காட்டி, "கண்ணு இருக்குதானே, பாருங்க," என்று சிரிப்பான். ரொஷான் குசினியில் உட்கார்ந்து ரொட்டியைக் கட்டச் சம்பலில் தொட்டுத் தின்றுகொண்டே, ஒரு பொம்பளைப் பெயரில் விலையை ஏற்றிவிடுவான். அவன் ஏற்ற ஏற்ற மற்றவர்களும் ஏறுவார்கள். விரலில் சம்பல் ஒட்டியிருந்தால் போன் திரையையும் நக்கிக்கொள்வான். அதைப் பார்த்தால் கெத்தரின் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை, விடாத மழையில், இரண்டு பேர் குடையோடு வாசலில் வந்து நின்றார்கள். மூத்தவள் தன்னை ஜுனைதா என்று சொன்னாள். யட்டவத்தப் பக்கம் வீடு. கூட வந்தது அவள் மகள் ஜெஸ்லா. முக்காட்டை மூக்குவரை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"தம்பி, நீங்கதானே லைவ்ல க்ரீம் விக்கிற? கூரியர் பார்சல்ல ஈந்த விலாசத்த வெச்சுத்தான் தேடி வந்த."

கிறிஷாந்த் அவர்களை உட்காரச் சொன்னான். கெத்தரின் தேத்தண்ணி ஊற்றப் போனாள். திரும்பி வந்தபோது ஜுனைதா மகளின் முக்காட்டை இழுத்து விலக்கியிருந்தாள்.

"பாருங்க தம்பி. நல்லாப் பாருங்க."

கன்னம் இரண்டிலும் தோல் உரிந்து சிவந்து நீர் கட்டியிருந்தது. கண்ணைச் சுற்றிக் கறுத்து, இமை வீங்கி, ஒரு கண் பாதிதான் திறந்தது. மழை ஈரம் பட்டதும் எரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முகட்டைப் பார்த்தாள்.

"பாலர் பள்ளியில படிப்பிச்சுக்கிட்டு ஈந்த புள்ள. சின்னப் புள்ளைகள் பயப்படுதுன்டு வர வேணான்டு சொல்லிட்டாங்க. ஆஸ்பத்திரியில டொக்டர் கேக்குறார், என்ன பூசின, அதுல என்ன ஈக்கின்டு. டப்பாவக் காட்டின. இந்தக் கம்பெனி க்ரீம் இப்பிடிச் செய்யாது, இது வேற என்னமோன்டு சொல்றார். அது என்னன்டு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து தரலாமாம். சொல்லுங்க, என்ன அது?"

கிறிஷாந்த் தேத்தண்ணியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். "அக்கா, நான் சொல்றேன்னு கோவிக்காதீங்க. ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாதிரி. எத்தன பேருக்கு வித்திருக்கேன். ஒருத்தர் வந்து கேட்டதில்ல."

"நான் அதக் கேக்கல்ல. உள்ளுக்கு என்ன போட்டீக்கின்டு கேக்குற."

"நான் என்னத்தப் போட்டேன்? டப்பா ஒரிஜினல். அதத்தான் காட்டுனேன். லைவ எடுத்துப் பாருங்க, உள்ள இருக்கிறது ஒரிஜினல்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?"

"விக்கிறவன்ட வாய நம்பித்தானே நாங்க வாங்குற!"

"வாங்குறவங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்குதானே அக்கா? கடையில அது என்ன வெல விக்குது, நீங்க என்ன வெலைக்கு எடுத்தீங்க? அந்த வெலைக்கு ஒருத்தன் உண்மையானதக் குடுப்பானா? பிடிச்சுப் பிடிச்சு ஏத்தி எடுத்தீங்களே, அப்ப யோசிக்கலயா?"

"யோசிச்சுத்தான் எடுத்த," என்றது ஒரு சின்னக் குரல். ஜெஸ்லா முதல் தடவையாக வாய் திறந்தாள். கன்னம் இழுபட்டதால் சொற்கள் மெதுவாக வந்தன. "உம்மாக்குத் தெரியும். எட்டு டப்பா எடுத்த. எனக்கு ஒண்ட வெச்சுட்டு மத்ததெல்லாம் சாச்சிமாருக்கும் பக்கத்து ஊட்டு ஆக்களுக்கும் கூட வெலைக்குக் குடுத்த. டுபாயில ஈந்து வந்தன்டு சொல்லிக் குடுத்த."

"வாயப் பொத்துடி!"

"நான் கேட்டன்தானே உம்மா, இவ்வளவு மலிவா எப்பிடி வருதுன்டு. நீங்க என்ன சொன்ன? எங்களுக்கு என்னத்துக்கு அது, டப்பா நல்லாத்தானே ஈக்கின்டு."

கிறிஷாந்தின் முகம் தெளிவதைக் கெத்தரின் பார்த்தாள். அவளுக்கு அந்த முகம் தெரியும். ஏலத்தில் இரண்டு பேர் போட்டி போட ஆரம்பிக்கும்போது வருகிற முகம். கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அப்ப நீங்களும் நம்ம ஆளுதானே அக்கா. நானும் வித்தேன், நீங்களும் வித்தீங்க. நீங்க பொலிசுக்குப் போனா நானும் வரணும், நீங்களும் வரணும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க ஒங்ககிட்டத்தானே வாங்குனாங்க, என்ட பேரு அவங்களுக்குத் தெரியாதே."

ஜுனைதா முந்தானையின் ஓரத்தைச் சுருட்டினாள், பிரித்தாள். அவள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரவெல்லாம் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்ட களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. அந்த முகத்தோடேயே அவள் கணக்குப் பார்க்கத் தொடங்கினாள்.

"அவங்களுக்கும் லேசா அரிக்குதாம். கேட்டுக் கேட்டு வாராங்க. நான் என்ன சொல்ற?"

"க்ரீமத் திருப்பி வாங்கிட்டு சென்ட் போத்தல் குடுத்துருங்க. நான் தாறேன், பாதி வெலைக்கு. சென்ட் ஒண்ணும் செய்யாது. மொகம் வெந்துச்சுன்னு நீங்க நம்ம பேஜ்ல போட்டிருந்தீங்களே, அந்தக் கொமெண்ட மட்டும் அழிச்சிருங்க."

"இவள்ட மொகம்?"

"அது ஆறிரும் அக்கா."

ஜுனைதா மகளின் பக்கம் திரும்பாமல் சொன்னாள். "இவள்ட தோலும் சின்ன வயசில ஈந்தே லேசான தோல்தான். முட்டை தின்டாலும் தடிக்கிற. நாங்க அப்பிடித்தான் சொல்லணும், வேறென்ன செய்ற."

ஜெஸ்லா எழுந்தாள். குடையைக்கூட எடுக்காமல் வெளியே மழைக்குள் போனாள். உள்ளே சென்ட் போத்தல்களை மேசையில் அடுக்கும் சத்தம் கேட்டது. கெத்தரின் குசினிக்குள் போய், கழுவிக் காயவைத்திருந்த ஜாம் போத்தல் ஒன்றை எடுத்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து வாளியின் மூடியைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளிப் போட்டு இறுக மூடிக்கொண்டு, பின்வாசலால் சுற்றி ஓடினாள்.

ஜெஸ்லா பாதை முனையில், பூட்டிக் கிடந்த கடையொன்றின் தாழ்வாரத்தில் நின்றிருந்தாள்.

"தங்கச்சி, இதக் கொண்டு போய் டொக்டர்கிட்ட குடுங்க. இதுதான் அது. டப்பாவுக்குள்ள வேற ஒண்ணும் இல்ல, இது மட்டும்தான்."

ஜெஸ்லா போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். "இதுல என்ன ஈக்கி?"

"எனக்குத் தெரியாது தங்கச்சி. அவருக்கும் தெரியாது. பேரில்லாத வாளியில வாங்கிட்டு வாறது."

"யாரு நெரப்புற?"

"அவர். நான் கழுவிக் குடுக்கிறது."

ஜெஸ்லா அவள் கைகளைப் பார்த்தாள். வெள்ளைத் தூள் தின்று விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தன. பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"நீங்க இதப் பூசுறயா அக்கா?"

"இல்ல."

"ஒரு நாளும் பூசலயா? ஊட்லயே வாளி வாளியா ஈக்கிதே."

வீட்டிலிருந்து ஜுனைதா ஒரு கைப்பையோடு பாதை முனைக்கு வந்து, மகளைக் கூப்பிட்டாள். பைக்குள் போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுங்கின. ஜெஸ்லா ஜாம் போத்தலைத் தன் உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு நடந்தாள்.

கெத்தரின் அங்கேயே நின்றாள். பூசவில்லை. ஒருதரம் கூட, சும்மா பார்ப்பதற்குக் கூட, கையில் ஒரு பொட்டு எடுத்துத் தடவியதில்லை. ஏன் பூசவில்லையென்று தன்னையே அவள் கேட்டதுமில்லை.

வெள்ளிக்கிழமை ஜெஸ்லா போனில் அழைத்தாள். பார்சலில் இருந்த இலக்கத்துக்கு வந்த அழைப்பைக் கெத்தரின்தான் எடுத்துப் பேசினாள். டொக்டர் போத்தலைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். ஆனாலும் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டாராம், தோலை வெளுக்க வைக்கிற கடும் மருந்தை அளவு கணக்கில்லாமல் கலந்ததாக இருக்குமென்று. தோல் கடதாசி போல மெலிந்திருக்கிறது. வெயில் படக் கூடாது, அடுப்புச் சூடு படக் கூடாது. புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். கண்ணைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

கிறிஷாந்த் முன்வாசலில் சப்பாத்து துடைத்துக்கொண்டிருந்தான். அவள் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"போதுங்க. நிப்பாட்டுங்க இத."

"நீ எதுக்கு அவளுக்கு அள்ளிக் குடுத்த?"

"அந்தப் புள்ளைக்கு மொகமே போயிட்டு."

"அவ உம்மாவே ஒண்ணும் சொல்லாமப் போயிட்டா. நீ என்ன? வேன் போனப்ப ஒரு மனுசன் வந்து பாத்தானா? உன் அண்ணன் பாத்தானா? எல்லாவனும் ஏமாத்தித்தான் திங்கிறான். நான் ஒருத்தன்கிட்டயும் பொய் சொல்லல."

"பொய் சொல்லாம ஏமாத்துறது இன்னும் கேவலங்க."

"பேசுறா பாரு. கழுவுனது யாரு?"

அடுத்த நாள் ரொஷான் கொண்டுவந்து போட்ட மூட்டையை அவள் தொடவில்லை. கிறிஷாந்தே உட்கார்ந்து மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கழுவினான். இரண்டு முறை எழுந்துபோய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை லைவ் தொடங்கியது. சட்டை, மணிக்கூடு, பூப்போட்ட விரிப்பு. "வணக்கம் மக்களே," என்று அவன் ஆரம்பித்து நீல மூடி டப்பாவைத் தூக்கியபோது, கெத்தரின் ஒரு கையில் வெள்ளை வாளியும் மறு கையில் அவன் கழுவாமல் மிச்சம் விட்ட உரப்பையுமாக உள்ளே வந்தாள். வாளியை மேசையில் வைத்தாள். பையைத் தலைகீழாகப் பிடித்து விரிப்பின்மேல் கொட்டினாள். முடியும் பஞ்சும் கடதாசியும் டப்பாக்களும் அவன் மடியிலும் விழுந்தன.

"நல்லாப் பாருங்க," என்றாள் போனைப் பார்த்து. "இது ஹோட்டல் குப்பையில பொறுக்குறது. நான்தான் கழுவுறேன். இந்த வாளியில இருக்கிறதத்தான் அள்ளிப் போட்டு ஒங்களுக்கு விக்கிறோம். இதுல என்ன இருக்குன்னு எங்களுக்கே தெரியாது. இதப் பூசி ஒரு பொம்பளப் புள்ளைக்கு மொகம் வெந்து போச்சு. கண்ணும் போயிருமோன்னு பயமா இருக்கு. வாங்குனவங்க பூசாதீங்க. வாங்கி வேற ஆளுக்கு வித்திருந்தா, தயவுசெஞ்சு போய் அவங்ககிட்டச் சொல்லுங்க."

கிறிஷாந்த் எழுந்து அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். ரொஷான் குசினியிலிருந்து ஓடி வந்தான். போனை அணைக்கக் கிறிஷாந்த் கையை நீட்டினான். நீட்டிய கை அப்படியே நின்றது. அவன் கண்கள் திரையில் ஏறுகிற கொமெண்டுகளை வாசித்தன. கெத்தரினும் வாசித்தாள். சிரிக்கிற மூஞ்சிகள். இரண்டொரு கெட்ட வார்த்தைகள். பிறகு ஒன்று.

'அண்ணா அப்ப வெறும் டப்பா என்ன விலை?'

அதற்குக் கீழே இன்னொன்று. 'நீல மூடி எத்தனை இருக்கு? நான் முழுசா எடுக்கிறன்.'

'அவருக்குக் கொடுக்க வேணாம். நான் கூடத் தாறன்.'

கிறிஷாந்த் மடியில் கிடந்த பஞ்சைத் தட்டிவிட்டான். கதிரையை நேராக்கி உட்கார்ந்தான். சட்டைக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டு, வாளியைக் கீழே இறக்கி மேசைக்கடியில் காலால் தள்ளினான்.

"ஆமா மக்களே," என்றான். "இன்னைக்கு வெறும் டப்பா மட்டும்தான். உள்ளுக்கு ஒண்ணுமில்ல, நம்ம மிஸிஸ் சொன்ன மாதிரி. நீங்க என்ன வேணா செஞ்சுக்கங்க. கேளுங்க."

ரொஷான் திரும்பவும் குசினிக்குப் போனான், தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு.

கெத்தரின் பின்வாசலுக்கு வந்தாள். கழுவிக் கவிழ்த்த நீல மூடிக் கண்ணாடி டப்பாக்கள் பலகையில் வரிசையாக இருந்தன. தூற்றல் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே அவன் விலை கேட்கிற சத்தம் ஏறியது. அவள் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தாள். ஒரு டப்பாவைத் துவைக்கிற கல்லில் வைத்து ஒரு போடு போட்டாள். அடுத்ததை வைத்தாள். கண்ணாடி தெறித்து முழங்காலில் கீறியது. நிறுத்தவில்லை.

சத்தம் கேட்டுக் கிறிஷாந்த் போனும் கையுமாக ஓடி வந்தான்.

"அடியே, எல்லாம் வித்தாச்சுடி!"

"வித்ததத்தான் ஒடைக்கிறேன். வாங்குனவனை வந்து பொறுக்கிக்கச் சொல்லு."

கடைசி டப்பா நொறுங்கியதும் அவளுக்கு வயிற்றிலிருந்து எல்லாம் மேலே வந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளின்மேலேயே வாந்தியெடுத்தாள். லைவ் ஓடிக்கொண்டே இருந்த அவன் போன் முழுநேரமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கிறிஷாந்த் அன்றைக்கே ரொஷான் வீட்டுக்குப் போய்விட்டான். இனி மூட்டை அங்கேதான் இறங்குமென்று, ரொஷானின் மனைவி கழுவச் சம்மதித்துவிட்டாளென்று, திங்கட்கிழமை காலை மீன்காரன் சொன்னான். ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை. கிறிஷாந்த் லைவை அழித்திருந்தான், ஆனால் யாரோ அதைப் பதிந்து வைத்துப் பரப்பிவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பொம்பளை போனைக் கொண்டுவந்து காட்டினாள். இதுவரை கிறிஷாந்தின் எந்த ஏலத்தையும் அத்தனை பேர் பார்த்ததில்லை.

கெத்தரின் வாசற்படியில் உட்கார்ந்து கொமெண்டுகளைக் கீழே கீழே தள்ளினாள். தமிழிலும் சிங்களத்திலும் நிறைய எழுதியிருந்தார்கள். அவள் வாந்தியெடுத்ததைப் பாட்டுப் போட்டுச் சுற்றவிட்டிருந்தார்கள். உடைந்ததில் மூடி மட்டும் மிஞ்சியிருந்தால் எடுப்பேனென்று ஒருவர். போன கிழமை தான் காசு போட்ட பார்சல் எப்போது வருமென்று ஒருவர். பேஜ் பெயரை மாற்றினால் அறிவிக்கும்படி ஒருவர். புருசனைக் காட்டிக்கொடுத்தவள் என்று பல பேர். முகம் வெந்த பிள்ளை யார், இப்போது எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரியாவது இருக்குமென்று அவள் முடிவுவரை தள்ளிப் பார்த்தாள். இல்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்த் தன் போனை எடுத்தாள். வெள்ளிக்கிழமை வந்த இலக்கத்தைக் குறித்து வைத்திருந்தாள். நெடுநேரம் அடித்த பிறகே ஜெஸ்லா எடுத்தாள்.

"தங்கச்சி, நான் கெத்தரின். இன்னைக்கு மொகம் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் தூரத்தில் ஜுனைதா யாரிடமோ சென்ட் போத்தலின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எரியுது அக்கா," என்றாள் ஜெஸ்லா.